அதிரச மாவு காத்திருக்கட்டும்



கார்த்திகை பிறந்துவிட்டால், ஓசூரில் விடியற்காலைப் பூசைக்கு வருவோர் தலையில் கம்பளிக் குல்லாயும் வாயில் வெண்புகை போன்ற மூச்சுமாகத்தான் வருவர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் அமைந்த ஊர் அன்றோ! ஆறு மணி ஷிப்டுக்குச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகள் பனிக்குள் விளக்கை எரியவிட்டபடி வரிசையாகச் சென்றுகொண்டிருக்கும். அத்தகைய ஒரு காலையில், பூசை முடிந்து திருவுடைகளை மடித்துக்கொண்டிருந்த என்னிடம், எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் வந்து, "சாமி, வெல்லம் வாங்கிவிடலாமா?" என்று கேட்டார்.

இப்பங்குக்கு நான் மாற்றலாகி வந்த முதல் ஆண்டு அது. "எதற்கம்மா வெல்லம்?" என்றேன். "கிறிஸ்துமஸுக்குத்தான் சாமி, அதிரசத்துக்கு" என்றார். நாள்காட்டியைப் பார்த்தேன். பெருவிழாவுக்கு இன்னும் முப்பத்தாறு நாள்கள் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "சாமிக்குப் பிரசங்கம் எழுத ஒரு ராத்திரி போதும், மாவுக்குப் போதாது" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு போய்விட்டார்.

என் பிரசங்கங்களைப் பற்றிய அவருடைய கருத்து அதில் அடங்கியிருந்தது என்பதை நான் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். அது கிடக்கட்டும். முன்கூட்டியே ஆயத்தம் செய்தல் என்பதைக் குறித்து அன்றிலிருந்து நான் எண்ணிப் பார்த்தவற்றுள் சிலவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

குருமடத்தில் எங்களுக்கு வழிபாட்டு வரலாறு கற்பித்த பேராசிரியர் ஒரு செய்தி சொல்வார். பழைய இலத்தீன் பூசைப் புத்தகத்தில், திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறன்று குரு சொல்லும் செபம், விசுவாசிகளின் மனங்களை எழுப்பிவிடும்படி ஆண்டவரை வேண்டித் தொடங்கும். ஆங்கிலத் திருச்சபையார் 1549-இல் தங்கள் செப நூலைத் தொகுத்தபோது இச்செபத்தை மொழிபெயர்த்துக்கொண்டனர். 'எழுப்பிவிடும்' என்பதற்கு அவர்கள் இட்ட சொல்லுக்குக் 'கிளறிவிடு' என்ற பொருளும் உண்டு. கோவிலில் அச்சொல் காதில் விழுந்ததும் இங்கிலாந்து நாட்டு இல்லத்தரசியருக்குத் தத்தம் வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்துவிட்டது! அன்று மாலையே உலர்பழங்களையும் மாவையும் கலந்து, வீட்டார் ஒவ்வொருவராக வந்து கரண்டியால் ஒரு சுற்றுக் கிளறி, கிறிஸ்து பிறப்புக்கான இனிப்புக்கு ஆயத்தம் செய்வது அந்நாட்டில் வழக்கமாயிற்று. நமது திருப்பலி நூலில் அச்செபம் இப்பொழுது ஞாயிற்றுக்கு உரியதாக இல்லை. ஆண்டின் பொதுக்காலம் முப்பத்து நான்காம் வாரத்தின் வார நாள்களில் இருக்கிறது. வார நாள் பூசைக்கு வருகிற பத்துப் பன்னிரண்டு பேரே அதைக் கேட்கின்றனர். வெல்லம் வாங்கலாமா என்று கேட்ட அம்மையார் அவர்களுள் ஒருவர்.

ஆனால் முன்கூட்டியே ஆயத்தம் செய்வது வேறு; முன்கூட்டியே கொண்டாடிவிடுவது வேறு. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் தூர் நகரின் ஆயராயிருந்த பெர்பெத்துவஸ், புனித மார்ட்டின் திருநாளாகிய நவம்பர் 11 தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு இருக்கும்படி தம் மக்களைப் பணித்தார். இன்றோ, நவம்பரிலேயே கடைகளில் கேக்கு வெட்டுகிறார்கள். டிசம்பர் இருபதாம் நாளுக்குள் அது திகட்டியும் விடுகிறது. பழங்காலத்து வீடுகளில் பலகாரத் தகர டப்பா அலமாரியின் உச்சியில் இருக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகே அது இறங்கும். என் தாயார் டப்பாவின் மூடியைச் சுற்றித் துணி கட்டி முடிச்சும் போட்டிருப்பார். அந்த முடிச்சைப் போலவே திரும்ப முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டதுதான் என் இளமைப் பருவத்தின் முதற் கைத்தொழில்.

இனி அதிரசத்துக்கு வருவோம். இதில் அவசரம் செல்லாது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்த வேண்டும். முற்றிலும் காய்ந்துவிடலாகாது, கையால் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக்கூடாது. அந்தப் பக்குவத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். கடையில் விற்கும் உலர்ந்த அரிசி மாவு இதற்கு உதவாது. காய்ந்த மாவு பாகை ஒழுங்காக ஏற்காது. வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி மண் நீக்கி, பாகு காய்ச்ச வேண்டும். கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். அதற்கு முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும்; பிந்தினால் கல்லாகும். ஏலமும் சுக்கும் பொடித்துப் போட்டு, பாகில் மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறி, மேலே நெய் தடவி, துணியால் வாய் கட்டிக் குறைந்தது ஒரு நாளாவது, இரண்டு மூன்று நாளானால் இன்னும் நன்று, அப்படியே விட்டுவிட வேண்டும். அவ்வேளையில் மாவு பாகை உள்வாங்கி இளகும். பின்னரே வாழையிலையில் தட்டி, இளஞ்சூட்டில் பொரித்து, இரண்டு கரண்டிகளுக்கிடையே அழுத்தி எண்ணெயை வடிக்கலாம்.

மறு ஆண்டு, அம்மையாரின் தூண்டுதலால், வீடு வீடாகச் செய்வதை விடுத்துப் பங்கு மண்டபத்தில் எல்லாரும் கூடி மாவு கிளறுவது என்று முடிவாயிற்று. வாடகை வீட்டுக்காரர் உரலைப் புழங்க விடுவதில்லை, ஒற்றை அறையில் எண்ணெய்ச் சட்டி வைக்க இடமில்லை என்று பலர் குறைப்பட்டதே இதற்குக் காரணம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல் இவ்வூர் அப்படித்தான் வளர்ந்தது. லாரித் தொழிற்சாலையும் மொபெட் தொழிற்சாலையும் கடிகாரத் தொழிற்சாலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எலத்தகிரி முதலிய பழைய கத்தோலிக்கச் சிற்றூர்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் வரிசை வீடுகளில் குடியேறினர். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கன்னடம்; ஊருக்குள்ளே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும்.

ஆகவே மண்டபத்தில் அன்று முதலில் நடந்தது, பெயர்ச் சண்டை. தமிழ் அன்னையர் அதிரசம் என்றனர். தெலுங்கு பேசும் அன்னையர், "இது எங்கள் அரிசெலு" என்றனர். கன்னடத்து அம்மையார் ஒருவர், "கஜ்ஜாயவை யார் உங்களுக்குக் கொடுத்தார்?" என்று கேட்டார். எள் போடுவதா, கசகசா போடுவதா, இரண்டும் வேண்டாமா என்பதில் அரை மணி நேரம் சென்றது. பாகு அதற்குள் முற்றிவிட்டது. முதற் சட்டிப் பாகைச் சிறுவர்களுக்குக் கமர்கட்டாக உருட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டாம் சட்டியை அடுப்பேற்றினர்.

அப்பொழுது வாசலில் இரண்டு இளம் பெண்கள் நின்றிருந்தனர். ஞாயிறு பூசையில் கடைசித் தூணருகே நிற்கக் கண்டிருக்கிறேன். பூசை முடிந்ததும் மறைந்துவிடுவர். அண்மை ஆண்டுகளில் இப்பகுதியின் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து இளம் பெண்கள் பெருந்தொகையாக வந்திருக்கின்றனர் அல்லவா? அவர்களுள் இருவர். ஊர், கும்லா மாவட்டம். பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் சென்று பழங்குடி மக்களிடையே பணியாற்றிய சோட்டாநாக்பூர் நிலத்தின் பிள்ளைகள். நம்மினும் பாடல் நன்கு அறிந்தவர்கள். ஆனால் நம் பூசையில் ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்காது. அதுவரை நான் அவர்களிடம் பேசியது, "எந்த ஊர்?" என்ற ஒரு கேள்விதான். அதையும் ஆண்டுக்கு ஒரு முறை கேட்டு, விடையை மறந்துவிட்டிருந்தேன்.

அவர்களுள் இளையவள் உள்ளே வந்து, பாத்திரத்தில் இருந்த மாவைக் கண்டு, "அர்சா" என்றாள். எங்களுக்கு விளங்கவில்லை. மீண்டும், "ஃபாதர், அர்சா! எங்கள் வீட்டில், கிறிஸ்துமஸுக்கு" என்று அரைகுறை இந்தியிலும் கை அசைவிலும் சொன்னாள். அரிசி மாவும் வெல்லப் பாகும் கலந்து எண்ணெயில் பொரிக்கும் அதே பலகாரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கிறிஸ்து பிறப்புக்குச் செய்யப்படுகிறது! அவர்கள் தங்கியிருக்கும் விடுதியில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. வீட்டை விட்டு வந்த பதினான்கு மாதங்களாக அவள் மாவில் கை வைத்ததில்லை. வெல்லம் வாங்கச் சொன்ன நம் அம்மையார் ஒன்றும் பேசாமல் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்து, பிசைந்தாள். எள் போட்டாள். எங்கள் தமிழ் அன்னையர் ஒருவரும் அப்போது மறுப்புச் சொல்லவில்லை என்பதைத் தெலுங்கு அன்னையர் இன்றுவரை சுட்டிக்காட்டி வருகின்றனர்.

கேக்கைப் பற்றி எழுதாவிட்டால் இளைய தலைமுறையினர் இப்பக்கத்தைப் புரட்டிவிடுவர். நம் நாட்டில் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் கேக்கு செய்தவர் என்று போற்றப்படுபவர் கேரளத் தலைச்சேரியைச் சேர்ந்த மாம்பள்ளி பாப்பு என்பவர். அவர் கிறிஸ்தவர் அல்லர். பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுவந்து தலைச்சேரியில் பிஸ்கட் தொழிற்கூடம் நடத்தினார். 1883 நவம்பரில், அஞ்சரக்கண்டியில் இலவங்கப்பட்டைத் தோட்டம் வைத்திருந்த மர்டாக் பிரௌன் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்குத் துண்டு ஒன்றைச் சுவைக்கக் கொடுத்து, இதுபோல் செய்ய இயலுமா என்று கேட்டாராம். பாப்பு, தர்மடத்துக் கொல்லரிடம் அச்சு அடித்து வாங்கினார். அயல்நாட்டுச் சாராயத்துக்கு மாற்றாக உள்ளூரில் முந்திரிப் பழத்திலிருந்து வடித்ததைச் சேர்த்தார். டிசம்பர் 20-ஆம் நாள் கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளைக்காரர் சுவைத்துவிட்டு இன்னும் ஒரு டஜனுக்குச் சொன்னார் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஒரு மாத முயற்சி. அதிலும் கொல்லர் உலைக்களத்தில் தொடங்கிய முயற்சி.

நம் வீடுகளில் ஓவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டா. அடி கனத்த பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரம் மணல் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, அதனுள் சிறு தாங்கி ஒன்றை வைத்து, அதன்மேல் கேக்குத் தட்டை வைத்து மூடிவிடலாம். தீ மிகச் சிறிதாக இருக்கட்டும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஈர்க்குச்சி ஒன்றைக் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். பிரஷர் குக்கரிலும் இவ்வாறே செய்யலாம். ஆனால் மூடியின் ரப்பர் வளையத்தையும் குண்டையும் நீக்கிவிடுவது கட்டாயம். பெங்களூரிலும் சென்னையிலும் மாவைக் கலந்து எடுத்துக்கொண்டு போய், பேக்கரியில் கூலி கொடுத்துச் சுட்டு வாங்கும் குடும்பங்கள் பல இருந்தன. நம் ஊர்ப் பேக்கரிக்காரரும் கேட்டால் இசைவார். ஆனால் டிசம்பர் 23-ஆம் நாள் கேட்டால் இசைய மாட்டார்.

கேக்கில் இடும் சிவப்பும் பச்சையுமான டூட்டி ஃப்ரூட்டி, வேறொன்றும் அன்று, பப்பாளிக் காய்தான். கொல்லையில் காய்க்கும் பப்பாளியைப் பழுக்கும் முன் பறித்து, பொடியாக நறுக்கி, நீரில் கண்ணாடி போல் ஆகும் வரை வேகவைத்து வடித்து, சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு, ஓர் இரவு ஊறவிட்டுப் பின் உலர்த்தினால் ஆயிற்று. நம் மண்ணில் விளையும் கேழ்வரகு மாவையும் மைதாவுடன் பாதிக்குப் பாதி சேர்க்கலாம். முழுவதும் கேழ்வரகாக இட்டால் உதிர்ந்துவிடும். கோதுமையில் உள்ள பசைப் புரதம் கேழ்வரகில் இல்லை. நிறம் கறுப்பாக வரும் என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். கடைக் கேக்கைக் கறுப்பாக்கச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுகிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

உலர்பழங்களை ஊறவைப்பது பற்றி ஒரு சொல். ரம்மில் ஊறினால்தான் கேக்கு என்று பிடிவாதம் செய்வோர் உளர். சாராயத்தில் ஊறிய பழம் மாதக்கணக்கில் கெடாது என்பது உண்மை. ஆயினும் ஆரஞ்சுச் சாற்றிலோ கறுந்திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்துக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்தாலே போதிய மணமும் மென்மையும் வரும்; அதற்கு மேல் வைத்தால் புளித்துவிடும். வீட்டிலேயே திராட்சை மது வடிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி நம் மாநிலத்தில் குற்றம் என்பதையும் நினைவூட்டுகிறேன். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. கேக்குக்கென்று எல்லைக்கு அப்பால் சென்று வாங்கிவந்த குப்பியில், கேக்குக்குச் சென்றது நான்கு கரண்டி. எஞ்சியது எங்கே சென்றது என்பதை அவ்வீட்டு மனைவி விழாவுக்கு மறுநாள் காலை பங்கு இல்லத்து வாசலில் நின்று சொல்லக் கேட்டவன் நான். கன்னத்தில் வீக்கம் இருந்தது. கேக்கும் நன்றாகத்தான் வந்திருந்ததாம்.

சிறுவர்களுக்கு அச்சு முறுக்கையும் கலகலாவையும் விட்டுவிடுங்கள். புதிய அச்சானால் ஒரு நாள் முழுதும் எண்ணெயில் ஊறவிடுங்கள். இல்லாவிடில் மாவு அச்சை விட்டு இறங்காது. கலகலா உருட்டப் புதுச் சீப்பு ஒன்று போதும். கொதிக்கும் எண்ணெய்க்கருகில் மட்டும் பெரியவர்கள் இருக்கட்டும்.

இப்பொழுது குடிலுக்கு வருகிறேன். இது என் குற்ற அறிக்கை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் குடில் போட்டி ஒன்று வைத்தேன். வீட்டுக்கு வீடு ஆர்வம் பெருகட்டும் என்று எண்ணினேன். பெருகியது. முதற் பரிசு பெற்ற குடிலில் அருவி ஓடியது, மின்விசையால் ஆடு தலையாட்டியது, வானில் நிறம் மாறும் விளக்கு எரிந்தது. நடுவர் மூவருள் நானும் ஒருவன். முழு மதிப்பெண் கொடுத்தேன். நான்கு வீடுகள் தள்ளி, ஒரு சிறுவன் தன் தந்தை வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டுவந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கத்தரித்து, வைக்கோல் பரப்பி வைத்திருந்தான். சூசையப்பர் சிலை அவனிடம் இல்லை. பனியாரக் கம்பியை நட்டு, துணி சுற்றி, சூசையப்பர் என்றான். நாங்கள் சிரித்துவிட்டோம். அரை நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். அவன் எங்கள் பின்னே வாசல் வரை வந்து நின்றான்.

பிப்ரவரி மாதம் முதற் பரிசு பெற்ற வீட்டுத் தாய், மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கால நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் எழுதித் தரும்படி வந்தார். காதில் ஈர்க்குச்சி. தோடு குடிலுக்காகத்தான் அடகுக்குப் போயிற்று. கணவர் ஒப்பந்தத் தொழிலாளி. டிசம்பரில் வேலை இருந்தது, ஜனவரியில் இல்லை. நாங்கள் கொடுத்த பரிசு ஓர் எவர்சில்வர் குத்துவிளக்கு.

1223-ஆம் ஆண்டு கிரேச்சோ மலையூரில் புனித அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் சிலைகளே இல்லை. வைக்கோல், தீவனத் தொட்டி, உயிருள்ள ஓர் எருது, ஒரு கழுதை, அவ்வளவே. அத்தொட்டியின் மீது பூசை நடந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாள் அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலைப் பற்றிய தம் மடலில் கையொப்பமிட்டார். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தன. குருமடத்தில் இதற்குத் தேர்வெழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன்.

மறு ஆண்டு அக்டோபரிலேயே கோவிலில் அறிவித்தேன்: பரிசு இல்லை, மண் சிலைகளைத் தவிர எதையும் கடையில் வாங்கலாகாது, காலம் இருக்கிறது, செய்யுங்கள். முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் வந்து சேர்ந்த பொருள்கள் என்னை வியக்கவைத்தன. பொதி கட்டும் பலகைகள், கேழ்வரகுத் தாள், கயிற்று நார், பழைய மொபெட் சக்கரத்தின் வளையம். அவ்வளையத்தில் ஊசியிலைக் கொத்துகளைச் சுற்றி நான்கு மெழுகுவர்த்திகள் நட்டு, திருவருகைக் கால வளையம் ஆக்கினர் இளைஞர்கள். 1839-இல் ஹாம்பர்க்கு நகரில் அநாதைச் சிறுவர்களுக்காக விக்கெர்ன் என்ற போதகர் செய்த முதல் வளையமும் பழைய வண்டிச் சக்கரம்தான் என்று நான் சொன்னபோது, தங்கள் ஊர்ச் சக்கரம் அதைவிட இலகுவானது என்றனர். லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் கடைசலில் விழும் இரும்புச் சுருள்களைக் கொண்டுவந்து விண்மீனுக்கு வால் கட்டினார். மின்னியது; கையையும் கிழித்தது. சிறுவர்கள் தொடாதவாறு உயரத்தில் கட்டச் சொன்னேன்.

குடிலின் புல்லுக்குத் தட்டுகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு விதையுங்கள். இவ்வூர்க் குளிரில் முளைப்பு மந்தம். ஆதலால் டிசம்பர் பத்துப் பன்னிரண்டுக்குள் விதைத்தால்தான் இருபத்து நான்காம் நாள் விரல் உயரம் நிற்கும். பிரான்சின் தென்பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்று கோதுமை விதைக்கின்றனர். முளைப்பாரி கண்ட நம் மக்களுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விண்மீனுக்கு மூங்கிற் பிளாச்சுகள் நீளமாகப் பத்து, குட்டையாக ஐந்து. ஐந்து ஐந்தாகக் கட்டி இரண்டு தட்டை விண்மீன்கள் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் பிணைத்து, உள்மூலைகளில் குட்டைக் குச்சிகளைத் தாங்கலாகச் செருகினால் வயிறு உப்பி நிற்கும். மேலே வண்ணத்தாள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டா; சிறு மின்விளக்கு போதும். சிலை வாங்குவோர் மதுரைக்கு அருகேயுள்ள விளாச்சேரி மண் சிலைகளைக் கேட்டு வாங்குங்கள். அவ்வூர்க் கைவினைஞர்கள் நவராத்திரிக் கொலுவுக்கு ஒரு கையும் நம் குடிலுக்கு மறு கையுமாக உழைப்பவர்கள். இன்னும் பலகாரத் தட்டைத் தூக்கவில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் நாள்களில் அவர்கள் மாதா முகத்துக்குக் கண் எழுதி முடித்திருப்பார்கள்.

முன்கூட்டிய ஆயத்தம் என்றால் மாவும் மூங்கிலும் மட்டுமல்ல. நம் மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. தொழில் நிறுவனங்கள் நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளும் சம்பளத்துடன் தர வேண்டும். அந்த ஐந்தில் கிறிஸ்து பிறப்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் தொழிற்சாலைப் பட்டியலில் இருக்கிறதா என்று இப்பொழுதே பாருங்கள். பட்டியலில் உள்ள நாளில் வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளமோ, சம்பளத்தோடு மாற்று விடுமுறையோ உண்டு. இதை டிசம்பர் 24 இரவு என்னிடம் வந்து கேட்டுப் பயனில்லை. ஊருக்குப் போக விரும்பும் வடநாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: இரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது. டிசம்பர் 22-இல் புறப்பட வேண்டுமானால் அக்டோபர் 23 வாக்கிலேயே சீட்டு எடுத்தாக வேண்டும். அன்று காலையே எடுத்தாக வேண்டும். இதைச் சொல்ல அவர்களுக்கு இங்கே அண்ணனோ மாமனோ இல்லை. அடுத்த வரிசை வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள்.

அடகுத் தோடு மீளப் பதினொரு மாதங்கள் ஆயின. அவ்வீட்டுத் தாய் இப்பொழுது ஆடி மாதம் முதல் வாரம் முப்பது ரூபாய் ஒரு டப்பாவில் போடுகிறார். நம் மகளிர் பலர் அதைப் பின்பற்றுகின்றனர். உண்டியலைப் பங்கு இல்லத்தில் வைக்கலாமே என்றேன். "வேண்டாம் சாமி, அப்புறம் அதைக் கொண்டு போட்டி வைத்துவிடுவீர்கள்" என்றனர்.

சென்ற ஆண்டு நள்ளிரவுப் பூசைக்கு வர இயலாத இரவு ஷிப்டுத் தொழிலாளருக்காக, விழாக் காலை ஏழரை மணிக்குத் தனியே ஒரு பூசை வைத்தோம். நாற்பதுக்கு மேற்பட்டோர் வேலைச் சீருடையிலேயே வந்தனர். சிலர் நிற்கும்போதே கண் அயர்ந்தனர். கும்லாப் பெண்கள் இருவரும் விடுதித் தோழியர் ஒன்பது பேரை அழைத்து வந்திருந்தனர்; நற்கருணைக்குப் பின் தம் மொழியில் ஒரு பாடல் பாடினர். தூணருகே அல்ல, பீடத்தருகே நின்று. பூசை முடிந்ததும் அதிரச டப்பாவைத் திறந்தபோது, இளையவள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு அம்மையாரிடம், "சுக்கு அதிகம் பாட்டி" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

அம்மையாருக்கு இப்பொழுது கண் பார்வை குன்றிவிட்டது. பாகின் பதத்தை அவளே பார்க்கிறாள். அட்டைப் பெட்டிக் குடில் செய்த சிறுவன் இப்பொழுது ஒன்பதாம் வகுப்பு. இவ்வாண்டுக் கோவில் குடிலை அவனிடம் ஒப்படைத்திருக்கிறேன். சூசையப்பரைக் கம்பியில்தான் செய்வானாம்.

திருவருகைக் காலத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை மண்டபத்தில் அரிசி ஊறப்போடுகிறோம். வெல்லம் வாங்கியாயிற்று. பெரிய சல்லடை ஒன்று குறைகிறது, வைத்திருப்போர் கொண்டுவாருங்கள். உங்கள் பெயரைச் சல்லடை விளிம்பில் எழுதிக் கொண்டுவருவது நல்லது. சென்ற ஆண்டு மாறிப்போன இரண்டு சல்லடைகளுக்கு இன்னும் வழக்குத் தீரவில்லை.